தண்ணி விழல

ஆனி பிறந்து மேற்கே மேகம் இறங்கியதும் எங்கள் வீட்டுப் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். நல்லா இருக்கியா என்று யாரும் கேட்பதில்லை. "தண்ணி விழுதா?" என்பதுதான் முதல் கேள்வி. குற்றாலத்துக்குப் போகிற வழியில், மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் முதல் உத்தியோகம். பக்கத்து நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். டிவியில் காட்டினாலும் எங்கள் சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வருவது போன வருஷத்து வீடியோ என்பார்கள். "மெயின் அருவி ஆர்ச்சைத் தொட்டு விழுது, ஐந்தருவியில நாலு கிளை வந்துட்டு" என்று வேல்விழி வாயால் சொன்னால்தான் தூத்துக்குடியில் வேன் புக் ஆகும். சிவகிரியில் சித்தப்பா பை எடுத்து வைப்பார். ஒரு தடவைகூட என் கணக்குத் தப்பியதில்லை.

பெருமை அதோடு முடிந்தது. வேன் வந்து நின்றால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் இறங்கும். முன்னால் இறங்குவது சங்கரம்மாள் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. பையை வைத்துவிட்டு அருவிக்குப் போவார்கள். நான் தோசைக்கல்லைப் போடுவேன். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. ஒரு பந்தி முடிவதற்குள் அடுத்த பந்தி உட்காரும். அவர்கள் அவிழ்த்துப் போட்ட ஈரத்துணி ஜன்னல் கம்பியில், நாற்காலி முதுகில், டிவி மேல் என்று வீடெல்லாம் தொங்கும். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துணி காயாது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுக்கிற கேஷுவல் லீவெல்லாம் ஆனியிலும் ஆடியிலுமே தீர்ந்துபோகும்.

இந்த வருஷம் என் மகள் முத்துசெல்விக்குக் கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆடி கடைசியில் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். அவள் போவதற்குள் ஒரு மூன்று நாள், நானும் அவளும் அவள் அப்பாவும் மட்டும், அடுப்பு இல்லாமல் விருந்தாளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறேன். வெறி என்றுதான் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

மதினி போன் செய்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முத்துசெல்வி ஸ்டூலில் ஏறி, வரப்போகிற கூட்டத்துக்காகப் பரணிலிருந்து தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். போன ஆடியிலும் அவள் இதே ஸ்டூலில்தான் நின்றாள்.

"என்ன வேல்விழி, தண்ணி விழுதா?"

"விழல மதினி."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சொன்னது சொன்னதுதான். இனி நிறுத்தினால் மாட்டிக்கொள்வேன் என்று மேலே மேலே போனேன். "சாரல் மட்டும் இருக்கு. மலையில மழையே இல்ல. பாறைதான் தெரியுது. வந்த கூட்டமெல்லாம் திரும்பிப் போவுது."

மதினி, "சரிட்டி. நீ சொன்னாச் சரிதான்" என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் குடும்ப குரூப்பில் மெசேஜ் வந்தது. 'இந்த வருசம் குத்தாலத்துல தண்ணி இல்ல. வேல்விழி பாத்துட்டுச் சொல்லிட்டா. யாரும் கிளம்பாண்டாம்.' அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள். பார்த்துவிட்டுச் சொன்னதாக நான் சொல்லவே இல்லை. அது மதினி தன் கையிலிருந்து போட்டது.

என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரன் தென்காசியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அன்று தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார். கையில் போன்.

"ஏட்டி, தண்ணி விழலன்னா சொன்ன?"

"ஆமா."

"என்னையப் பாத்தா தண்ணி விழாத ஊர்லேருந்து வந்தவன் மாதிரியா இருக்கு? அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"முழிக்காண்டாம். மூணு நாளைக்கு எங்கனயாவது போயிருவோம்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே மகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அக்காவைப் பற்றிப் பேசவில்லை.

எங்கே போவது என்று உட்கார்ந்தோம். மழைக்காலத்தில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் மழையைப் பார்க்கப் போவார்கள். எனக்கு வேண்டியது வெயில். துணி காய்கிற ஊராக இருந்தால் போதும் என்றேன். அவர் மூணாறு என்றார். மண் சரிந்து ரோடு அடைத்திருக்கிறது என்று முத்துசெல்வி போனை நீட்டினாள். அவள் கோவா என்றாள். மழையில் கடலைப் போய் என்னத்தைப் பார்க்க என்று அவர் கேட்டார். தூத்துக்குடியில் நல்ல வெயில், ஆனால் மதினி வீடு அங்கேதான். கன்னியாகுமரியில் மதினியின் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. திருநெல்வேலியில் இவருடைய சின்னம்மா. வெயில் அடிக்கிற ஊரிலெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சொந்தக்காரர்கள் இல்லாத ஊரிலெல்லாம் மழை பெய்தது.

"குத்தாலத்துக்குப் போவோமா?" என்றாள் முத்துசெல்வி.

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"விளையாட்டுக்குச் சொல்லல. காலேஜ்ல எல்லாரும் கேப்பாங்க, ஒங்க ஊருப் பக்கம்தான குத்தாலம், எப்படி இருக்கும்னு. நான் என்னத்தச் சொல்ல? தட்டு கழுவினதையா? வேன்ல அத்தை கூடப் போய் ஒரு முங்கு முங்கிட்டு, அம்மாக்கு ஒத்தாசை செய்யணும்னு ஓடி வந்துருவேன். நம்ம மூணு பேரும் சேர்ந்து போனதே இல்லப்பா."

"அதுக்கு வீட்லேருந்தே போகலாமே" என்றார் அவர்.

"வீட்ல இருந்தா அம்மா அடுப்படிக்குத்தான் போவா. லாட்ஜ்ல ரூம் போடுங்க."

நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊருக்கு லாட்ஜ் போட்டு டூர் போனவர்கள் எங்கள் தெருவில் நாங்கள்தான் முதல் ஆளாக இருப்போம். பக்கத்து வீட்டுப் பேராச்சி அக்காவிடம் மதுரைக்குப் போகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கிழக்கே தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து குற்றாலம் பஸ் ஏறி மறுபடியும் மேற்கே வந்தோம். அந்த பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தெருமுனை வந்தபோது அவர் கீழே விழுந்ததைத் தேடுவது போல ஸீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டார். முத்துசெல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வது என்று ஆகிவிட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

லாட்ஜ் மேனேஜர் எந்த ஊர் என்று கேட்டார். "மதுரை" என்றார் இவர். மேனேஜர் ஆதார் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"மேலகரமா? ஏன் அண்ணாச்சி, வீட்டுக் குழாயில தண்ணி வரலையா?"

ரூம் நன்றாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை. மேகம் இறங்கி இறங்கி ஏறியது. இந்த மலையைத் தினமும் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறவள்தான் நான், ஆனால் அப்போதெல்லாம் கையில் ஈரத்துணி இருக்கும். அன்று கையில் ஒன்றுமில்லை. கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, மகள் சொல்வதையெல்லாம் கேட்டேன். ஹாஸ்டலில் கூட இருக்கப் போகிற பெண் ஓசூர்க்காரி, போனில் இப்போதே பழகிவிட்டார்கள். இவளுக்கு இருட்டில் தனியாக பாத்ரூம் போகப் பயம், அது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் கேலி செய்வாளோ என்று கவலை. இத்தனை நாளும் அந்தப் பயம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் பிரானூர் பார்டர் கடைக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். யாரோ ஒருவர் என் இலையில் சால்னா ஊற்றிவிட்டு, "இன்னும் வேணுமாக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல மனசே வரவில்லை.

மறுநாள் காலையில் ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் ஐந்து கிளையிலும் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் பொய்யை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். போகும்போது, வழக்கமாகச் செய்வதைப் போல, சட்டையையும் போனையும் பர்ஸையும் என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அங்கேதான் சிக்கல். பையில் எங்கள் போன்களும் மாற்றுத்துணியும் ரூம் சாவியும் இருக்கின்றன. கழுத்தில் கிடப்பதையும் கழற்றி அதில்தான் போட வேண்டும். கீழே வைத்தால் மனிதன் எடுக்காவிட்டாலும் குரங்கு எடுக்கும். "நீ போம்மா, நான் பையப் பாத்துக்கிடுதேன்" என்றாள் முத்துசெல்வி. "நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன் நான். அவள் போனால் நான் வெளியே, நான் போனால் அவள் வெளியே. சேர்ந்து ஒரு தடவை தண்ணீருக்குள் நிற்கத்தானே இத்தனை பொய்யும். எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் அந்தச் சுவரைக் கவனித்தேன். பெண்கள் பக்கத்துக்கு எதிரே இடுப்பளவு குட்டைச் சுவர். அதில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் நாலு பை, தோளில் யாருடையதோ துண்டு, காலடியில் செருப்புக் கும்பல், கையில் குரங்கை விரட்ட ஒரு குச்சி. வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இப்படி ஒருத்தி இருந்தாள். ஆண் ஒருவன்கூட இல்லை. எல்லாரும் காய்ந்த தலையோடு அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் ஓர் ஓரமாக இடம் பிடிக்கப் போனேன். அந்த நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண், நைட்டி உடம்போடு ஒட்டி, தலைமுடி முகத்தில் வழிய, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "ஹுஸ்னா, எந்திரி, இப்ப நீ போ" என்றாள். குரலைக் கேட்டு நிமிர்ந்தேன். சங்கரம்மாள் மதினி.

அவளும் என்னைப் பார்த்தாள். ஓடுவதற்கு இடமில்லை. பின்னால் சுவர், முன்னால் அருவி.

"தண்ணி விழலன்னு சொன்னியே?" என்றாள் மதினி.

"நீங்க தூத்துக்குடியிலல்லா இருக்கணும்?" என்றேன் நான்.

ஹுஸ்னா, மதினியின் பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடையநல்லூர்ல எம் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பாக்கப் போறோம்னுதான் வீட்ல சொல்லிட்டு வந்திருக்கோம்" என்றாள். பிறகு அவளே, "பிள்ளை பங்குனியிலயே பிறந்துட்டு" என்றும் சொன்னாள்.

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முத்துசெல்வி, "அத்தை" என்று ஓடிப்போய் ஈரத்தோடு கட்டிக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள் மதினி. "வேன் ஓட்டுத மாடன் முந்தின நாள்தான் இங்கன ஒரு டிரிப் அடிச்சுட்டு வந்தான். ஆர்ச்சைத் தாண்டி விழுதுன்னு சொன்னான்."

"பின்ன ஏன் மதினி குரூப்ல அப்படிப் போட்டிய?"

"தண்ணி இல்லன்னு நான் சொன்னா யாரு நம்புவா? எங்க வீட்ல ஒங்க அண்ணாச்சி நம்புவாகளா? நீ சொன்னாத்தான் நம்புவாக. வருசா வருசம் ஒன்ட்ட கேக்கேனே, தண்ணி விழுதா, தண்ணி விழுதான்னு. ஒரு தடவையாவது இவ இல்லன்னு சொல்லமாட்டாளான்னுதான் கேப்பேன். நீ என்னடான்னா, எந்தக் கிளையில எவ்வளவு விழுதுன்னு கணக்குச் சொல்லுவ."

அவள் சுவரில் கையை வைத்துக் காட்டினாள். "இந்தா, இதான் என் இடம். அந்த இரும்புக் கம்பி பக்கம். வேன் நிறைய ஆளுக்கும் புளிச்சோறு கட்டி, துணி எடுத்து வச்சு, இங்கன வந்து எல்லாரு பையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எல்லாரும் குளிச்சு முடிச்சதும் பசி பசின்னு கிளம்பிருவாக. கடைசியில காலை மட்டும் நனைச்சுட்டு வேன்ல ஏறுவேன். இந்தத் தண்ணி என் தலையில முழுசா விழுந்தது இன்னைக்குத்தான் வேல்விழி."

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வருஷமும் அருவியிலிருந்து திரும்பியதும் மதினி வேனிலிருந்து இறங்கி நேராக அடுப்படிக்கு வந்து, "மொதத் தோசையை எனக்குப் போடு" என்பாள். நாளெல்லாம் மகாராணி மாதிரி குளித்துவிட்டு வந்து அதிகாரம் செய்கிறாள் என்று நான் மனசுக்குள் கருவியிருக்கிறேன். பேராச்சி அக்காவிடம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் தலை காய்ந்துதான் இருந்தது. அதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் அடுப்படியில் இருந்த நேரமெல்லாம் இவள் இந்தச் சுவரில் இருந்திருக்கிறாள்.

"குடு அந்தப் பைய" என்று மதினி கையை நீட்டினாள். "நீயும் பிள்ளையும் சேர்ந்து போங்க. எனக்குத்தான் நனைஞ்சாச்சே. ஹுஸ்னா, நீயும் போ. எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டே கம்பி ஓரமாக உட்கார்ந்தும்விட்டாள். எத்தனை வருஷத்துப் பழக்கம். நான் கொடுத்திருந்தால் என் ஆசை அந்த நிமிஷமே நிறைவேறியிருக்கும். பையை நீட்டவும் செய்தேன். ஆனால் அவள் மடியில் அதை வைக்க எனக்குக் கை வரவில்லை.

"முத்து, போய் ஒங்கப்பாவக் கூட்டிட்டு வா" என்றேன்.

"அப்பா இப்பத்தான உள்ள போனாக?"

"அதனால என்ன? கூட்டிட்டு வா."

இடுப்பில் துண்டோடு, நடுங்கிக்கொண்டே வந்தார். அக்காவைப் பார்த்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. "அக்கா, அது வந்து, மதுரைக்குத்தான் கிளம்பினோம்" என்று ஆரம்பித்தார்.

"ஏலே, நீ ஒண்ணும் சொல்லாண்டாம், இங்கன உக்காரு" என்றாள் மதினி.

அவரைச் சுவரில் உட்கார வைத்து, என் பை, மதினி பை, ஹுஸ்னா பை எல்லாவற்றையும் மடியில் ஏற்றினோம். எங்கள் செயின்களைக் கைக்குட்டையில் முடிந்து கையில் கொடுத்தோம். ஹுஸ்னாவின் மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரே போட்டுக்கொண்டார். குரங்கு விரட்டுகிற குச்சியை மதினி அவர் கையில் கொடுத்தாள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். நாங்கள் அதற்குள் தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டோம்.

தண்ணீர் மண்டையில் அறைந்தது. மூச்சு முட்டியது. முத்துசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மதினி கையைப் பிடித்தேன். மதினி ஹுஸ்னாவை இழுத்துக்கொண்டாள். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்கவில்லை. முத்துசெல்வி என் காதருகே வந்து என்னவோ கத்தினாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, அந்தத் தண்ணீரில் யாருக்குத் தெரியப் போகிறது. நான் கேட்டது இதுதான். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இடம் நெருக்கமாகிவிட்டது. புதிதாக ஒரு பெண் என் தோளை உரசிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் வயசான அம்மா ஒருத்தி, பச்சைச் சேலைக்காரி. இந்த அம்மா சுவரில் உட்கார்ந்திருந்தவள் ஆயிற்றே என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன்.

சுவர் காலியாக இருந்தது. ஒருத்திகூட இல்லை. லிங்கேஸ்வரன் மட்டும் ஹுஸ்னாவின் கண்ணாடியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், தோளில், இரண்டு பக்கமும் சுவர் நெடுகப் பைகள். காலடியில் ஊர்ப்பட்ட செருப்பு. ஆம்பிளை ஒருவர் பையைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்ததும், "அண்ணாச்சி, இதையும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று ஒவ்வொருத்தியாக வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார்கள். அவர் குச்சியை ஓங்கிக் குரங்கு ஒன்றை அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீக்கிரம் வா என்று கையைக் காட்டினார்.

மதினியும் அதைப் பார்த்தாள். "என்னட்டி, போவமா?" என்று என் காதில் கத்தினாள்.

"போகலாம் மதினி, இப்ப என்ன அவசரம்" என்றேன். பச்சைச் சேலை அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் உள்ளே நகர்ந்தேன்.